பொட்டலத்தில் பிள்ளையார்

கடவுளின் உருவத்தை ஒரு கடையின் அடையாளமாக வரைந்து கொடுக்கலாமா? மலாக்காவில் சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு லோகோ வரைந்து பிழைக்கும் எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. வேலை கேட்டு வரும் வாட்சாப் செய்திகள் பலவும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "தங்கச்சி, மேல ஒரு பிள்ளையார் போட்டுடுங்க, கீழ பேரு." தோசை மாவு அரைத்து விற்கும் அக்கா பிள்ளையாரைக் கேட்கிறார். லாரி ஓட்டும் அண்ணன் முருகனை, மயிலோடு கேட்கிறார். புடவையும் கவரிங் நகையும் விற்பவருக்கு மகாலட்சுமி வேண்டும், கையிலிருந்து காசு கொட்ட வேண்டும். நான் வரைவதில்லை. ஏன் என்றால் இரண்டு வரியில் ஏதோ சொல்லி அனுப்புகிறேன். இரண்டு வரியில் அடங்குகிற காரணம் அல்ல அது.

கேட்பவர்கள் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் எங்கள் மாநிலத்தில்தான் எழுந்தது. 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் கன்று நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில் இறங்கினார். அந்த மரங்களை நம்பி எங்கள் பாட்டன் பூட்டன் கப்பலேறினார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டு ஆள் வந்தது. தோட்ட நிலம் தாமானாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. லயத்திலிருந்து வெளியே வந்தவர்கள் கையில் நிலம் இல்லை, பெரிய படிப்பும் இல்லை, கைப்பக்குவம் இருந்தது. இன்று ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் வீட்டு அடுப்படியிலிருந்து முறுக்கும் அதிரசமும் மசாலாத் தூளும் விற்கும் பெண்கள் அந்த வழி வந்தவர்கள். தோட்டத்து எல்லையில் முனீசுவரரைக் கும்பிடாமல் வெட்டுக்குப் போகாத குடும்பங்கள் அவை. அவர்கள் சாமி படம் கேட்பதில் வியாபாரத் தந்திரம் ஏதும் இல்லை. சாமியை முன்னால் வைத்துத் தொடங்குவது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த தொடக்கம். அதனால்தான் அவர்களிடம் மாட்டேன் என்று சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

இனி வரைதல். லோகோ பத்தடிப் பலகையிலும் நிற்க வேண்டும், முறுக்கு டப்பாவில் ஒட்டும் ஸ்டிக்கரிலும் நிற்க வேண்டும், ரசீதில் குத்தும் ரப்பர் முத்திரையில் ஒரே நிறத்திலும் நிற்க வேண்டும். ஆகவே வரைபவரின் உழைப்பில் பெரும்பகுதி நீக்குவதில் கழிகிறது. பிள்ளையாரைச் சுருக்கிப் பாருங்கள். முதலில் பூணூல் போகும். அடுத்து மோதகம், மூஞ்சூறு, ஒடிந்த தந்தம். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வரும்போது கண் போய்விடும். மை பரவி இரண்டு கறையாக நிற்கும், அதையும் எடுத்துவிடுங்கள் என்பார் அச்சகத்தார். மிஞ்சுவது ஒரு தும்பிக்கை வளைவு. கோயிலுக்குச் சிலை செய்யும் இடத்தில் வரிசை தலைகீழ். ஸ்தபதி உடல் முழுவதையும் முடித்துவிட்டு, நாளும் வேளையும் பார்த்து, பொன் ஊசி கொண்டு கடைசியில் கண்ணைத் திறக்கிறார். அதற்குப் பிறகே அந்த உருவம் யாரையோ பார்க்கிறது. ஸ்தபதி கடைசியாகக் கொடுப்பதை நான் முதலில் எடுத்துவிடுகிறேன் என்பது என் தொழிலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயமாகப் பட்டது.

இதையே எனக்கு எதிராகவும் திருப்பலாம். கண் திறக்காத உருவம், ஆவாகனம் செய்யாத உருவம், வெறும் உருவம்தானே? அதைப் பொட்டலத்தில் போட்டால் என்ன, பலகையில் போட்டால் என்ன? ஆகமம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. கோயில் திருப்பணி தொடங்கும்போது மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிப் பாலாலயத்தில் வைப்பார்கள். அதுவரை குருக்களைத் தவிர யாரும் நெருங்க முடியாத கருவறைக்குள் அதன் பிறகு கொத்தனார் சாரம் கட்டி ஏறலாம். வீட்டுப் பூசையில் மஞ்சளைக் குழைத்துப் பிடித்து வைத்தால் பிள்ளையார். பூசை முடிந்ததும் வடக்கே நகர்த்தி, நீரில் கரைத்துவிடுகிறோம். உருவத்துக்குள் அழைப்பதும் உண்டு, வழியனுப்புவதும் உண்டு. யாரும் அழைக்காத படத்தில் யார் இருக்கிறார்?

இந்த வாதம் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1953 மே 27, புத்தர் பிறந்த நாள். திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் களிமண் பிள்ளையார் ஒன்றைக் கூட்டத்தின் முன் உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குப் போட்டார். உடைந்தது மண் பொம்மை, கோயிலில் வைத்து வழிபட்ட சிலை அல்ல, ஆகவே அது புனிதப் பொருள் ஆகாது என்று மாஜிஸ்திரேட் தள்ளினார். செஷன்ஸ் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஒட்டியே நின்றன. 1958இல் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. ஒரு பொருள் தன்னளவில் எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், பிரதிஷ்டை ஆகாததாக இருந்தாலும், மக்களில் ஒரு பிரிவினர் அதைப் புனிதமாகக் கொண்டால் அது புனிதப் பொருள்தான், கீழ் நீதிமன்றங்கள் சட்டத்தைக் குறுக்கிப் படித்துவிட்டன என்றது. காலம் கடந்துவிட்டதால் வழக்கை மீண்டும் நடத்தச் சொல்லவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. அந்த வழக்குக்கு அடிப்படையான இந்தியச் சட்டத்தின் 295ஆம் பிரிவு மலேசியக் குற்றவியல் சட்டத்திலும் அதே எண்ணில், ஏறத்தாழ அதே சொற்களோடு இருக்கிறது.

பெரியார் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. 1929 கடைசியில் அவர் மலாயாவுக்கு வந்து பேசியது இங்கே சாதியைப் பற்றிப் பலரை யோசிக்க வைத்தது. அவர் செய்தது சரியா தவறா என்பது இங்கே என் பொருள் அல்ல. அந்தத் தீர்ப்பு ஆகமத்தின் பக்கம் நிற்காமல் கும்பிடுகிறவரின் பக்கம் போய் நின்றதே, அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். படத்தின் புனிதத்தைத் தீர்மானிப்பது வரைந்தவரோ அச்சடித்தவரோ குருக்களோ அல்ல என்றால், என் மேசையில் இருக்கும் தும்பிக்கை வளைவும் என் முடிவுக்கு மட்டும் உட்பட்டதாக இல்லை.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் என் பாட்டி இதை எந்த நீதிமன்றத்தையும் கேட்காமல் செய்துவந்தார். எங்கள் வீட்டுச் சாமி மேடையில் இருந்தவை எல்லாம் காலண்டர் படங்கள். ரவி வர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சு இயந்திரம் வைத்துத் தெய்வங்களை வீடுதோறும் அனுப்பிய வழியில், கோவில்பட்டியில் கொண்டையா ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி, கடல் தாண்டி வந்த சாமிகள். மளிகைக் கடையில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஒரு காலண்டர் கொடுப்பார்கள். ஆண்டு முடிந்ததும் பாட்டி தேதித் தாளைக் கிழிப்பார், அடியில் இருக்கும் கடைப் பெயரைக் கத்தரியால் நறுக்குவார், சாமியை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார். மங்கிப்போன பழைய படத்தைக் குப்பையில் போட மாட்டார். எல்லைக் கோயில் மரத்தடியில் கொண்டுபோய்ச் சாத்திவைப்பார். மழையும் வெயிலும் அதை மெல்ல எடுத்துக்கொள்ளும். கண் திறக்காத, ஆவாகனம் ஆகாத, கடை விளம்பரமாக வந்த படம். அதைச் சாமியாக்கியதும் அவர்தான், வழியனுப்பியதும் அவர்தான்.

இங்கே ஓர் எதிர்வாதம் இருக்கிறது, அதை ஒளிக்க விரும்பவில்லை. அந்தக் காலண்டரே வியாபாரம் அல்லவா? ஆம். தெய்வமும் சந்தையும் நெடுங்காலமாகக் கைகோத்தே வருகின்றன. மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக் கட்டுகளில் லட்சுமியும் கிருஷ்ணரும் வண்ணச் சீட்டுகளாக ஒட்டப்பட்டு வந்தார்கள். தீப்பெட்டியில் சாமி, ஊதுபத்தி அட்டையில் சாமி. ஆனால் காலண்டரில் சாமி ஒரு பரிசு. சரக்கு வேறு, சாமி வேறு. நறுக்கிப் பிரிக்க இடம் விட்டு அச்சடித்திருந்தார்கள். பிளாஸ்டிக் பொட்டலத்தில் அந்த இடம் இல்லை. மிளகாய்த் தூளை எடுக்க வேண்டுமென்றால் பிள்ளையாரின் நெற்றிக்கு மேல் கத்தரி வைக்க வேண்டும். காலியானதும் கசக்க வேண்டும். அது கரையாது, மட்காது. சாக்கடையில் மிதக்கும்போதும் சிரித்த முகமாகவே இருக்கும்.

மலாக்கா நகரில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் நடக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. 1781இல் டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் மலாக்கா செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அங்கே இருக்கிறது. சில அடி தள்ளிக் கம்போங் கிளிங் பள்ளிவாசல், உள்ளே ஓர் உருவம் கிடையாது. அழகு முழுவதும் ஓடுகளின் பூவேலையில் இருக்கிறது. இன்னும் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். சீனர் மரபில் அடுப்படித் தெய்வத்தின் காகிதப் படத்தை ஆண்டு முடிவில் எரித்து விண்ணுக்கு அனுப்பிவிட்டுப் புத்தாண்டில் வேறு படம் ஒட்டுவார்கள். காகிதத்தில் அச்சடித்த தெய்வம்தான், ஆனால் அதற்கு ஒரு முடிவு வகுத்து வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் மஞ்சள் பிள்ளையாருக்கு அந்த முடிவு உண்டு. லோகோவுக்கு மட்டும் யாரும் வகுக்கவில்லை. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகம் முடிந்த மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். பேனர்களும் தண்ணீர்ப் பாட்டில்களும் உணவுப் பைகளும் கிடக்கும் இடத்தில் எத்தனை முருகன் முகங்களை மிதிக்காமல் தாண்ட வேண்டியிருக்கிறது.

குப்பையோடு இது முடிந்துவிட்டால் காகிதப் பைக்கு மாறுங்கள் என்று சொல்லிவிட்டு வரைந்து கொடுத்துவிடலாம். என்னை நிறுத்துவது அதைவிட ஆழமான ஒன்று.

மெய்கண்டார் சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் நூற்பாவில் ஆலயத்தையும் அடியார் வேடத்தையும் சிவமாகவே கொண்டு தொழச் சொல்கிறார். இதை உயிர் கொடுத்துக் காட்டியவர் மெய்ப்பொருள் நாயனார். திருக்கோவலூரை ஆண்டவர். போரில் வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து உள்ளே வருகிறான். அரசர் வேடத்தை வணங்கித் தரையில் அமர்கிறார். குத்துப்பட்டு விழுந்த பிறகும், அவனை யாரும் தீண்டாமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடும்படி காவலனுக்குக் கட்டளையிடுகிறார். சிறு வயதில் கோயில் சமய வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டபோது நாயனாரின் பெருமை மட்டும் தெரிந்தது. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு முத்தநாதனையும் பார்க்கிறேன். சின்னத்தைக் கண்டால் சந்தேகத்தைக் கீழே வைத்துவிடும் நெஞ்சம் ஒன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கத்தி நுழைந்த வழி அதுதான்.

எங்கள் பாட்டிமார்களும் அப்படிப்பட்டவர்கள். வேலும் ஓம் எழுத்தும் இருக்கும் பொட்டலத்தைச் சுத்தமானது, நம்மவர் செய்தது என்று கை நீட்டி எடுப்பார்கள். உள்ளே இருப்பது நல்ல சரக்கா, சாயம் கலந்ததா என்பதற்கும் அந்த வேலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நேர்மையாக உழைப்பவர்கள். ஆனால் நான் வரைந்து கொடுக்கும் சின்னம் அவர்களோடு முடிவதில்லை. கடை கைமாறும், பெயரை விற்பார்கள், மகன் காலத்தில் மலிவான எண்ணெய் வரும். பிள்ளையார் மட்டும் அப்படியே இருப்பார், சாட்சி சொல்லிக்கொண்டு.

பக்கத்திலேயே வேறொரு சின்னத்தின் நடைமுறையைப் பார்க்கிறோம். ஹலால் முத்திரையைக் கடைக்காரர் தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. விண்ணப்பம், ஆய்வு, புதுப்பித்தல் எல்லாம் உண்டு. பொய்யாகப் போட்டால் 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் தண்டனை. அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பொறுப்பேற்க ஓர் அமைப்பு நிற்கிறது. நம் பிள்ளையாருக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. எந்தச் சோதனையும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் அவர் பெயரில் நம்பிக்கையை வாங்கிக்கொள்ளலாம், அதை அவருக்குத் திருப்பித் தர வேண்டியதும் இல்லை. இதை எண்ணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. லோகோ இருக்கும் காரணமே, இது என்னுடையது, மற்றவர் தொடக் கூடாது என்று சொல்வது. பதிவு செய்தால் சட்டமும் அதைக் காக்கும். இந்தியாவில் ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று பெயர் பதிய வந்தவரிடம், புனித நூலின் பெயரை ஒருவர் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நூலின் பெயருக்கே அப்படியென்றால், ஊருக்கெல்லாம் பொதுவாக அரசமரத்தடியில் உட்கார்ந்திருப்பவரை, என் தும்பிக்கை வளைவை நீ போடாதே என்று அடுத்த கடைக்காரரிடம் சண்டை போடும் பொருளாக எப்படி ஆக்குவது?

அப்படியானால் என்ன வரைகிறேன்? அதிரசம் செய்யும் ஓர் அம்மா வந்தார். தோட்டத்தில் வளர்ந்தவர். சாமி இல்லாமல் எப்படிம்மா ஆரம்பிக்கிறது என்று கவலையோடு கேட்டார். முதல் மாதிரித் தாளை எடுத்து, அவர் கண் முன்னே மேலே பிள்ளையார் சுழி போட்டேன். நம் வணிகர்கள் கணக்குப் புத்தகத்தைத் தொடங்கியது அப்படித்தான். அது வாங்குபவருக்குக் காட்டப் போட்டது அல்ல. எழுதுபவர் தன் கையைத் தானே நினைவுபடுத்திக்கொள்ளப் போட்டது. பிறகு அவரைப் பாகு காய்ச்சச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தேன். உருண்டையை இலையில் வைத்து விரல்களால் தட்டும்போது நடுவில் ஒரு குழி விழும், ஓரம் லேசாக வெடிக்கும். அந்த வட்டமும் அதன் மேல் பதிந்த விரல் நுனிகளும்தான் அவருடைய லோகோ. வேறு யாரும் அதைத் தங்களுடையது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது அவருடைய கை. பூக்கடைக்காரர் ஒருவருக்கு மாலை முடிச்சை வரைந்தேன். தையல்காரருக்கு அவருடைய பழைய மிதி இயந்திரத்தின் சக்கரம். சிலர் ஒத்துக்கொள்ளாமல் வேறு இடம் போய்ப் பிள்ளையாரை வாங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் பக்தியில் எனக்கு ஐயமில்லை, வருத்தமும் இல்லை.

எல்லை எங்கே என்று கேட்டால் எளிய பதில் என்னிடம் இல்லை. தாமரை சாமியா, பூவா? மயிலிறகு? விளக்கை வரைந்தால் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். வடலூரில் 1872இல் வள்ளலார் ஞான சபையைத் திறந்து ஒளியையே வழிபடச் செய்திருக்கிறார், அவர் வழி நிற்பவருக்குச் சுடர்தான் சாமி. அதனால் வடிவத்தை வைத்து முடிவு செய்வதை விட்டுவிட்டேன். இந்தப் படம் அச்சான தாள் கீழே விழுந்தால், வாங்க வரும் ஒரு வயதான அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாரா? ஒற்றிக்கொள்வார் என்றால் அது பொட்டலத்துக்கு உரியது அல்ல. வேல் இந்தச் சோதனையில் எங்கள் ஊரில் எப்போதும் சாமிதான். தாமரை பெரும்பாலும் பூவாகத் தப்பிவிடுகிறது. ஊர் மாறினால் பதிலும் மாறலாம், அதில் எனக்குக் குறை தெரியவில்லை.

கடவுளுக்கு இதனால் இழுக்கு வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. சாக்கடையில் மிதக்கும் படத்தால் பிள்ளையார் குறைந்துவிட மாட்டார். குறைவது நாம். இன்று குப்பையில் கிடக்கும் சாமி முகத்தைத் தாண்டிப் போகப் பழகும் பிள்ளை, நாளை எதைப் பார்த்தும் நிற்காமல் போகக் கற்றுக்கொள்கிறது. ஒற்றிக்கொள்ளத் தெரிந்த கண்கள் ஒரு தலைமுறையில் இல்லாமல் போய்விட்டால் அவற்றை மீட்டுத் தர எந்த ஆகமத்தாலும் முடியாது.

ஆகவே கடை வைத்திருக்கும் அக்கா அண்ணன்மார்களிடம் என் வேண்டுகோள் இது. சாமியைக் கடைக்குள் மாடத்தில் வையுங்கள், காலையில் விளக்கேற்றுங்கள், முதல் வரவை அங்கே வைத்துக் கும்பிடுங்கள். பொட்டலத்தில் உங்கள் பெயரையும் உங்கள் கைவேலையையும் போடுங்கள். சரக்குக்கு நீங்களே பொறுப்பு என்று வாங்குபவருக்குத் தெரியட்டும். ஏற்கெனவே சாமி படத்தோடு அச்சடித்த பைகள் மிச்சம் இருந்தால், தீரும் வரை பயன்படுத்துங்கள், அடுத்த அச்சில் மாற்றிக்கொள்ளுங்கள். என்னைப் போல் வரைந்து பிழைக்கும் தம்பி தங்கைகளும் கேட்டவுடன் இணையத்திலிருந்து ஒரு பிள்ளையாரை எடுத்து ஒட்டிக் கொடுக்காமல், வந்தவரின் அடுப்படிக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். வரைவதற்கு அங்கே நிறைய இருக்கிறது.